அக்ரஹாரத்துப் பல்லக்கும் ஆறு மணிக் குத்தும்

தைப்பூச விழாக் குழுவின் தலைவராக நடுநாயகமாக வீற்றிருக்கும் சித்தையன் அவர்களே. கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் தம்பி ஹேமந்த் அவர்களே. கௌதள்ளியிலிருந்தும் கோபிநத்தத்திலிருந்தும் புறப்பட்டு வந்து, கல் சுமந்து, கலவை சுமந்து, இந்த மைசூருக்குச் சுவர் எழுப்பிய பெரியோர்களே. அந்தச் சுவர்களுக்குள் விளக்கேற்றி வைத்த தாய்மார்களே. பேசுவது முழுக்கப் புரியாவிட்டாலும் பெற்றோருக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே. வெண்பொங்கல் அண்டாவுக்கு மிக அருகில் இடம்பிடித்திருக்கும் என் ஆருயிர் நண்பர்களே. உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே மேடையில் மூன்று நிமிடம் தந்தார்கள். நான் எதையும் மறப்பவன் அல்லன். வரலாறு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பி.யூ. கல்லூரியில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு மன்னர்களின் பகைகளைப் பாடம் நடத்தி, எனக்கென்று சில பகைகளையும் பத்திரமாக வளர்த்து வைத்திருக்கிறேன். என்னைவிட ஆறு ஆண்டு இளையவரான பசவராஜ் எங்கள் கல்லூரி முதல்வர் நாற்காலியில் அமர்ந்தாரே, அது ஒரு பகை. நம் சங்கத்து விழா மலரில் என் கட்டுரை வேறொருவர் பெயரில் அச்சானதே, அது ஒரு பகை. தலைவர் வீட்டுத் திருமணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்து, பாயசம் தீர்ந்துவிட்டது என்றார்களே, அது ஒரு பகை.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் பாயசம் கிடைத்திருக்கும்.

ஆனால் இன்று நான் பேச வந்தது அவற்றைப் பற்றி அல்ல. இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் காலை ஆறு மணிக்கு நடக்கும் வகுப்பைப் பற்றி. குத்துச்சண்டையிலிருந்து குத்தை எடுத்து, கராத்தேயிலிருந்து உதையை எடுத்து, சண்டையை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் வியர்க்க வைக்கிறார்களே, அந்தக் கிக் பாக்ஸிங் கார்டியோ வகுப்பைப் பற்றி.

அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் போன தைப்பூசத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பற்றி என் முன்னால் யாரும் பேசுவதில்லை. நானே பேசுகிறேன்.

நம் முருகனின் பல்லக்கை எட்டுப் பேர் சுமக்கிறோம். இரண்டு தண்டு, தண்டுக்கு முன்னால் இருவர், பின்னால் இருவர். முன்வரிசை இடப்பக்கம் முதலாவதாக நிற்பவர் "தோள்" என்று குரல் கொடுப்பார். குரல் கேட்டதும் எட்டுப் பேரும் இரு கைகளாலும் தண்டை ஏந்தி, தலையைக் குனிந்து, அடுத்த தோளுக்கு மாற்றுவார்கள். குரலுக்கு முன் மாற்றக் கூடாது. குரலுக்குப் பின் தயங்கக் கூடாது. அக்ரஹாரம் என்ற இந்தப் பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பல்லக்கில் ஒருவருக்கு ஓர் இடம் கிடைத்தால், அவராக வேண்டாம் என்று சொல்லும்வரை அந்த இடம் அவருடையது. யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்ததில்லை.

முன்வரிசை இடப்பக்கம் இருபத்தொரு ஆண்டுகள் யாருடைய இடம்? என்னுடைய இடம். "தோள்" என்ற குரல் யாருடைய குரல்? என்னுடைய குரல்.

போன தைப்பூசத்தன்று, இரண்டாம் தெருத் திருப்பத்தில், பூக்கடைக்கு எதிரே, பல்லக்கு என் பக்கம் சாய்ந்தது. குடை சரிந்தது. சாமியின் கையிலிருந்த வேல் நழுவித் தொங்கியது. எதிரே பால்குடம் ஏந்தி நின்ற தாய்மார்கள் அலறிவிட்டார்கள். நல்லவேளையாக விழவில்லை. பல்லக்கை மெல்ல இறக்கி வைத்தோம். எனக்குப் பின்னால் அதே தண்டைச் சுமந்து வந்த சித்தையன், நடுத்தெருவில், நாதஸ்வரம் நின்றுபோன அந்த அமைதியில், "போதும் கருப்பு. நீ ஒதுங்கிக்கோ" என்றார்.

ஒதுங்கிக்கொண்டேன். கூட்டத்திலிருந்து ஜடையனைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் பட்டியலில் என் பெயரின் மேல் ஒரு கோடு.

இருபத்தொரு ஆண்டுகளின் மேல் ஒரு கோடு.

நான் என்ன சொன்னேன்? பல்லக்கை நான் சாய்க்கவில்லை, சித்தையன் பின்னாலிருந்து தள்ளினார் என்று சொன்னேன். அந்த நொடியில் தண்டு என் தோளில் ஓங்கி இடித்ததே, அது பொய்யா? என் இடத்தின் மீது அவருக்கு ஆசை, அதனால் தள்ளினார் என்று சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன். முடி வெட்டிக்கொள்ளும்போதும் சொன்னேன். அதன் பிறகு இந்தச் சங்கத்து வாசல்படி மிதிக்கவில்லை; பிரசாதம் வந்தாலும் தொடவில்லை.

இன்னொரு பக்கம் என் உடம்பு எப்படி இருந்தது தெரியுமா? தொண்ணூற்றேழு கிலோ. கல்லூரியில் எனக்கு வகுப்பு இரண்டாம் மாடியில். பாதிப் படியில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அங்கே நின்று படிப்பது போல நடிப்பேன். உண்மையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஆண்டு வந்த சுற்றறிக்கை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மாணவி அக்கறையாக, "ஸார், ஏனாதரூ ஹுடுக்தாயித்தீரா, தேடித் தரட்டுமா" என்று கேட்டாள். ஆமாம் அம்மா, தொலைத்ததைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அதை எப்படி அவளிடம் சொல்வது?

ஆடி மாதத்தில் என் துணைவியார் மகேஸ்வரி இந்த வகுப்பில் சேர்ந்தார். என்னிடம் கேட்கவில்லை. நான் கால் வைக்காத கட்டடத்தில் அவர் கால் தூக்கப் போனார். கோபத்தோடு அழைத்து வரப் போனேன். மாடியேறி வாசலில் நின்றபோது எனக்குப் பேச மூச்சில்லை. உள்ளே இருபது பெண்கள், மூன்று ஆண்கள். மகேஸ்வரி ஒரு மெத்தையை உதைக்கிறார். மெத்தையைப் பிடித்திருந்த பெண் இரண்டு அடி பின்னால் போகிறாள். முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவன், என்னென்ன பேச்செல்லாம் பேசியிருக்கிறேன் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தேன்.

ஆண்கள் பக்கம் சத்தத்தையே காணோம். யோசியுங்கள், யோசியுங்கள்.

பயிற்சியாளர் ரூபா, இதோ மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர் என்னைப் பார்த்தார். "ஸார், உள்ள வாங்க. மூணே நிமிஷம். ஸ்வல்ப நேரம் பார்த்துட்டுப் போங்க" என்றார்.

மூன்று நிமிடம். ஒரு சுற்று என்பது மூன்று நிமிடம். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று நிமிடத்தில் என்ன ஆகிவிடும்? ஐம்பத்திரண்டு வயது ஆண்மகன், இருபத்தொரு ஆண்டு பல்லக்குச் சுமந்தவன், மூன்று நிமிடம் காற்றைக் குத்த மாட்டானா? நாற்பதாவது நொடியில் கண் இருட்டியது. எழுபதாவது நொடியில் சுவரைப் பிடித்தேன். பக்கத்தில் வடிவு, மருத்துவமனையில் இரவெல்லாம் துப்புரவு வேலை முடித்து நேராக வகுப்புக்கு வந்திருந்த தங்கை வடிவு, குத்தை நிறுத்தாமலே சொன்னார்:

"உக்காந்துக்கங்க ஸார். எனக்கும் மொத நாளு இப்படித்தான். வாந்தி வந்தா ஜன்னல் அந்தப் பக்கம்."

அன்று முடிவு செய்தேன். என் இடம் எனக்கு வேண்டும். கோடு போட்ட கையாலேயே என் பெயரைத் திரும்ப எழுத வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்த மூன்று நிமிடத்தை நான் ஜெயிக்க வேண்டும்.

எப்படி ஜெயிப்பது? எனக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் காற்றைக் குத்தினார்கள். நான் முகங்களைக் குத்தினேன். இடக்கை நேர்க்குத்து முதல்வர் பசவராஜுக்கு. வலக்கைக் குத்து விழா மலர் ஆசிரியருக்கு. வளைத்து அடிக்கும் பக்கக் குத்து? அது முழுக்க முழுக்க, பெருமதிப்பிற்குரிய நம் தலைவர் அவர்களுக்கு. ஒரு சுற்றில் நாற்பது முறை குத்து வாங்கியிருக்கிறீர்கள் ஐயா. தினமும் எட்டுச் சுற்று. தெரியாமலே எப்படித்தான் தாங்கினீர்களோ.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. வேகம் வந்தது, வியர்வை வந்தது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆனாலும் இரண்டாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று உடைந்து போகும். ஒரு நாள் ரூபா என் முன்னால் வந்து நின்று கைமெத்தையை இறக்கினார்.

"ஸார், நீங்க யாரையோ அடிக்கறீங்க."

"இல்லியேம்மா."

"ஸார், எனக்கு முகத்தைப் பார்த்தா கொத்தாகத்தே, தெரிஞ்சிடும். நான் சொல்லிக்குடுக்கறது அடிக்கறதுக்கு இல்ல. கை போறது எல்லாருக்கும் போகும். அது திரும்பி கன்னத்துக்கிட்ட வரணும். உங்களுது போய் அங்கயே நின்னுடுது. அதான் ஸார் மூச்சு போயிடுது."

நான் கேட்டேனா? எத்தனை பேர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்?

ஐப்பசியில் ரூபா ஒரு வேலை செய்தார். வகுப்பில் ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, அவரவருக்கே போட்டுக் காட்டினார். தன் தப்பைத் தானே பார்த்தால் சீக்கிரம் திருந்தும் என்பது அவர் முறை. என் படத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் வரை ஒரு நல்ல மனிதன் குத்துகிறான். பிறகு அவன் வாயை இறுக்கி மூச்சைப் பிடிக்கிறான். முகவாய் மேலே போகிறது. இடது தோள் கீழே இறங்குகிறது. யாரும் தொடவில்லை. யாரும் தள்ளவில்லை. தானாக இறங்குகிறது.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். இறங்கியது. மூன்றாம் முறை பார்த்தேன். இறங்கியது. எந்தத் தோள்? இடது தோள். பல்லக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது? இடது பக்கம்.

அன்று வீட்டுக்குப் போய் மகேஸ்வரியிடம், போன பூசத்தில் எடுத்த வீடியோ யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். அவர் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, தன் கைப்பேசியை என் கையில் வைத்தார்.

"ஒம்போது மாசமா இதுலதான் இருக்குது. என்னிக்காச்சும் கேப்பீங்கன்னு அழிக்காம வெச்சிருக்கறேன்."

பார்த்தேன். பூக்கடை. திருப்பம். முன்வரிசை இடப்பக்கம் ஒரு பருத்த மனிதன், வாயை இறுக்கி, முகவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறான். குரல் கொடுக்க வேண்டியவன் அவன். குரல் கொடுக்க அவனிடம் மூச்சு இல்லை. குரல் கொடுக்காமலே தோளை மாற்றப் பார்க்கிறான். தண்டு சரிகிறது. பின்னாலிருந்து இரண்டு கைகள் பாய்ந்து வந்து அந்தத் தண்டை ஏந்துகின்றன. ஏந்தி, மேலே தூக்கி, அவன் தோளில் இடித்து நிறுத்துகின்றன.

என் தோளில் இடித்ததே, அந்த இடி. தள்ளு என்று ஒன்பது மாதம் ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த அந்த இடி.

அவை சித்தையனின் கைகள்.

அன்பர்களே, இந்த மேடையில், இந்த ஒலிபெருக்கியில், எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். சித்தையன் தள்ளவில்லை. சாய்த்தவன் நான். பிடித்தவர் அவர்.

என்ன அது, முணுமுணுப்பு? சத்தமாகச் சொல்லுங்கள். தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? அம்மா, உங்களுக்கும் தெரியுமா? பொங்கல் அண்டா பக்கம் உள்ளவர்களுக்கு? சரி. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் வரலாறு தெரியவில்லை. அன்று மகேஸ்வரியிடம் கேட்டேன், ஊருக்கே தெரிந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா, என்னையும் அந்த லிஸ்ட்ல சேத்திருப்பீங்க" என்றார். நியாயமான அச்சம்.

தலைவர் ஏதோ சொல்கிறார். "அதெல்லாம் இப்ப எதுக்கு கருப்பு, பொங்கல் ஆறுது" என்கிறார். ஐயா, ஆறட்டும். ஒரு மனிதன் ஓர் ஆண்டில் ஒரு முறை உண்மை பேசும்போது பொங்கல் கொஞ்சம் ஆறினால் பாதகமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: திருமணப் பந்தி விவகாரம் இதில் சேராது. அது அப்படியே இருக்கிறது.

அடுத்த நாள் வகுப்புக்குப் போனேன். குத்த ஒரு முகம் குறைந்துவிட்டது. கை நீட்டினால் காற்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் ரூபா சொன்னதைக் கேட்டேன். குத்தும்போது மூச்சை விட்டேன். போன கை கன்னத்துக்குத் திரும்பி வந்தது. மூன்று நிமிடம் ஆனது, மணி அடித்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். வடிவு என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸாருக்கு இன்னிக்குத்தான் உடம்புல காத்து ஓடுது" என்றார். என் முதுகலைப் பட்டத்துக்குக்கூட இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

இன்று நான் எண்பத்து நான்கு கிலோ. அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. படிக்க நிற்பதில்லை.

பூசத்துக்கு முந்தைய ஞாயிறு, சாமிக்குப் பதில் அரிசி மூட்டைகளை ஏற்றி, பல்லக்கை நான்கு தெருவும் சுமந்து பார்ப்பது நம் வழக்கம். இடம் வேண்டுபவர்கள் அன்று சுமந்து காட்ட வேண்டும். இன்று காலை ஆறு மணிக்கு நானும் போய் நின்றேன். ஓர் ஆண்டாகப் பேசாத மனிதரிடம் போய், "நானும் சுமந்து பாக்கறேன்" என்றேன். சித்தையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தார்.

"பின்வரிசையில நில்லு. எனக்குப் பின்னால. நடுவுல எங்காவது எறக்கினா, அடுத்த வருசம் கேக்காத."

என் இடத்தில் இப்போது அவர். அவர் இடத்தில் நான். முன்னால் நின்று ஊரைப் பார்த்தவன் பின்னால் நின்று ஒரு பிடரியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். முதல் தெரு போனது. இரண்டாம் தெருத் திருப்பம் வந்தது. பூக்கடையில் கடை திறக்கிறார்கள். என் முகவாய் மேலே போகப் பார்த்தது. இடது தோள் இறங்கப் பார்த்தது. அந்த நொடியில் என் உடம்பு முழுதும் அந்த ஒரு தோளில் இருந்தது. மூச்சை விட்டேன். ஊதி விட்டேன். எனக்கு முன்னால் இருந்த பிடரி கொஞ்சம் திரும்பியது. "தோள்" என்று குரல் வந்தது. எட்டுப் பேரும் மாற்றினோம். மாற்றிய தோள் நின்றது. மூன்றாம் தெரு. நான்காம் தெரு. கோயில் வாசல். இறக்கி வைத்தோம். சித்தையன் முகம் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார். பட்டியலில் யார் பெயர் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

அன்பானவர்களே, உடம்பு எதைக் கேட்கிறது? விருந்து கேட்கவில்லை, வீராப்புக் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கேட்கிறது. பெருமூச்சு விட நேரம் இருக்கிறது, பெரிதாக மூச்சு விட நேரம் இல்லையா? அடுத்தவனைத் திட்ட நேரம் இருக்கிறது, அசைய நேரம் இல்லையா? எனக்குக் குறையாத கோபம் உண்டு. அதை வைத்துக்கொண்டே இளைத்தேன். உங்களுக்குக் கோபமே இல்லாவிட்டாலும் வரலாம். ஐம்பதில் வாருங்கள். அறுபதில் வாருங்கள். முட்டி வலிக்கிறவர் உதையை விட்டுக் குத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வருகிற வடிவுக்கு முடியும் என்றால், படுக்கையிலிருந்து வருகிற உங்களுக்கு முடியாதா? சுவர் கட்டிய கைகளுக்கு, பாரம் சுமந்த தோள்களுக்கு, பிள்ளை பெற்ற உடம்புகளுக்கு, மூன்று நிமிடம் பெரிதா?

தம்பி ஹேமந்த் எழுந்து வருகிறார். நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, தாளைக் கொடுக்கிறார். பட்டியலை என்னையே படிக்கச் சொல்கிறாராம் தலைவர். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

முன்வரிசை, இடப்பக்கம்: சித்தையன். அவருக்கு அருகில் ஜடையன். முன்வரிசை, வலப்பக்கம்: கிருஷ்ணராஜ், யுவன். பின்வரிசை, வலப்பக்கம்: ரங்கு, ஸாத்விக். பின்வரிசை, இடப்பக்கம்: முனியப்பன். அடுத்து…

கருப்புசாமி.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் தம்பி.

இருபத்தொரு ஆண்டு முன்வரிசையில் நின்றவனுக்குப் பின்வரிசை கொடுத்திருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் இதையும் ஒரு பகையாக எழுதி வைத்திருப்பேன். ஆனால் பின்வரிசைக்காரனின் வேலை என்ன என்று எனக்கு இப்போது தெரியும். முன்னால் போகிறவருக்கு மூச்சுத் தவறினால் தண்டை ஏந்த வேண்டியவன் அவன். தலைவர் அவர்களே, பூசத்தன்று நீங்கள் முன்னால் பார்த்து நடங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம். பின்னால் நான் இருக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், ரூபாவுக்கும், என் மகேஸ்வரிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சூடு இருக்கும்போதே பொங்கலுக்குப் போங்கள். அனைவருக்கும் வணக்கம்.